கண்ணாடிக்காரரின் பாய்மரப் படகு

மனைவியிடம் ஒரே ஒரு பொய்யையாவது கடைசிவரை காப்பாற்றிவிடுவது என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தது ஆஸ்பத்திரி மாடிப்படியில். முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன எந்தப் பொய்யும் வாசற்படியைத் தாண்டியதில்லை. அவள் இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். மூச்சு விடுகிற சத்தத்திலேயே ஆள் மழுப்புகிறானா என்று கண்டுபிடித்துவிடுவாள். இவரோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து, போன வருஷம்தான் மூடியவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்தவருக்கு, வீட்டில் எதிரே நடப்பது என்ன என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

டாக்டர் சொன்னது நாலே வரி. அவளுக்கு ரத்தத்தில் நோய். மருந்து தள்ளிப்போடும், தீர்க்காது. ஒரு வருஷம். நல்லபடியாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டர் ஏனோ பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "என்னவாம்?"

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம். மாத்திரை போட்டா சரியாயிடுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி, கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

நம்பிவிட்டாள்! குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதார். அழுது முடித்தபோது, அந்தத் துக்கத்துக்கு நடுவிலும், ஜெயித்த மாதிரி ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுதார்.

ஒரு வாரம் கழித்துத் துணி உலர்த்திக்கொண்டே அவள் சொன்னாள். "பல் டாக்டர் வீட்டுப் பின்பக்கம் ஒரு பாய்மரப் படகு கிடக்குது. டிரெய்லரோட. கார் பின்னால கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி. விக்கறாராம். யாருக்குங்க வேணும் அந்த ஓட்டைப் படகு? நீங்க அந்தப் பக்கமே போயிடாதீங்க."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் நின்று தூரத்துப் பாயைக் காட்டி, "ஒரு தடவை அதுல போகணுங்க" என்று கேட்டவள் அவள். "ஆகட்டும்" என்று சொன்னவர் இவர். மறுநாளே போய்ப் படகை வாங்கினார். சரிசெய்து, அவள் இருக்கும்போதே அதில் அவளை உட்காரவைத்துவிட வேண்டும்.

பதினாறடிப் படகு. முன்பாதியில் ஒரு குட்டி அறை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டையில்லாத நாளில் மட்டும் படுக்கலாம், அவ்வளவு அகலம். ஃபைபர் உடம்பெல்லாம் குதிகால் வெடிப்பு மாதிரி விரிசல். உள்ளே பிளைவுட் உளுத்து, விரலால் குத்தினால் விரல் போயிற்று. மெக்கானிக்காக இருந்த அவள் தம்பி தன் ஜீப்பில் கட்டி இழுத்துவந்து, வீட்டு முன்னால் நிறுத்தினான். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். கண்ணாடிக்காரரின் பொய்க்கு இரண்டு சக்கரம் இருந்தது, இரண்டிலும் காற்றில்லை.

"வீடா இது, துறைமுகமா?" என்றாள் அவள்.

"ரெண்டே மாசம். முடிச்சுடுவேன்."

"பாய் இருக்கா இதுக்கு?"

"கிழிஞ்சுபோச்சு. வேற வாங்கணும்."

"வீட்ல நாலு பாய் சுருட்டி வச்சிருக்கேனே."

"அது படுக்கற பாய்!"

"நீங்க வாங்கற எது படுக்காம இருந்திருக்கு?"

அன்று பூராவும் திட்டினாள். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் அதையும் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு உப்புத்தாளோடு உட்கார்ந்தால் வெயில் முதுகைச் சுடும்வரை தேய்ப்பார். உளுத்த பலகையைப் பெயர்ப்பார், புதுசை அறுப்பார், விரிசலுக்குப் பசை பூசுவார். விரலெல்லாம் பசை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டோடு எழுந்த நாளும் உண்டு. அவர் அவசரம் அவருக்குத்தான் தெரியும். மாத்திரைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அவள் சேலை மடிப்பு தளர்ந்துகொண்டே போனது.

ஆனால் வேலைதான் நகரவில்லை. உப்புத்தாள் கட்டு, துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. "கை தவறிடுச்சுங்க." அளவுவாரியாகப் பிரித்து வைத்த இருநூறு திருகாணியும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. "அடுக்கி வச்சேன்." பச்சை அடித்தால் பாசி மாதிரி இருக்கிறது என்றாள். சுரண்டினார். மஞ்சள் அடித்தால் காமாலை என்றாள். சுரண்டினார். வாசலில் நாற்காலி போட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு குற்றம் கண்டுபிடித்தாள். துடுப்புக்குப் போட்டியாகக் கடுப்பு வளர்ந்தது.

எட்டாவது மாதம் அவர் வெடித்தே விட்டார். நீலம் அடித்த இடது பக்கத்தைக் காட்டி, "இதுல திட்டுத்திட்டா இருக்கு, மறுபடியும் தேய்ச்சுடுங்க" என்றாள் அவள்.

"முடியாது! எனக்கு நேரமில்ல!"

"கடையையே மூடியாச்சு. அப்படி என்னங்க அவசரம்?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். "மழை வந்துடும்" என்றார்.

"அடுத்த வருஷமும் ஏரி அங்கேதான் இருக்கும்" என்றாள் அவள்.

அவர் படகின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

அந்த வாரம் சுக்கானைப் படகோடு மாட்டும் பித்தளை ஆணி காணாமல் போனது. உபரி இருக்குமா என்று கேட்க, படகை விற்ற பல் டாக்டரிடம் போனார் கண்ணாடிக்காரர்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே விசாரித்தார். "வீட்டம்மா எப்படி இருக்காங்க? தைரியமான மனுஷி சார். பல் பிடுங்க வந்தப்பவே பெரிய டாக்டரோட லெட்டரைக் கொண்டுவந்தாங்க. படிச்சுட்டு நான்தான் இடுக்கியைக் கீழ வச்சுட்டேன். அவங்க பாட்டுக்கு ஜன்னல் வழியா படகைப் பார்த்துட்டு இருந்தாங்க."

"எந்த லெட்டர்?"

"ரத்தம் உறையாது, ஜாக்கிரதைன்னு. நோய் பேர், இன்னும் எத்தனை நாள், எல்லாம்தான் எழுதியிருந்துது."

"எப்ப வந்தா?"

"நீங்க படகு வாங்கறதுக்கு மூணு வாரம் முந்தி."

கண்ணாடிக்காரருக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது, படகு வாங்குவதற்கு எட்டு நாள் முந்தி. பல் பிடுங்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"படகைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க" என்றார் பல் டாக்டர். "ஒரு ஆள் தனியா சரிபண்ணினா எத்தனை நாள் ஆகும்னு. விடாம செஞ்சா பத்து மாசம்னேன். 'பத்தாதே'ன்னாங்க. ஏதோ ஜோக்குன்னு நினைச்சு நானும் சிரிச்சேன்."

வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் திருகாணியும் உப்புத்தாளும் பச்சையும் மஞ்சளும் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவர் விழுந்தடித்ததும் அவள் இழுத்தடித்ததும் ஒரே சாவை எதிரில் வைத்துக்கொண்டு. அவள் இருக்கும்போது முடிய வேண்டும் என்று இவர். அவள் போன பிறகும் முடியக் கூடாது என்று அவள்.

மறுநாள் காலை, காணாமல் போன ஆணிக்குப் பதில் மைத்துனன் கொடுத்த போல்ட்டை முடுக்கிவிட்டு, மனைவி முன்னால் வந்து நின்றார். "கிளம்பு. ஏரிக்குப் போறோம்."

"வலது பக்கம் இன்னும் பெயின்டே அடிக்கலையே."

"நீ இடது பக்கம் உக்காரு."

அவள் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

மைத்துனன் ஜீப்பைப் பின்னால் எடுத்து டிரெய்லரோடு தண்ணீரில் இறக்கினான். இருவருக்கும் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிவிட்டான். பாய் ஏறியது. நாலு தடவை படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு காற்றை வாங்கி விம்மியது. படகு சத்தமில்லாமல் நழுவியது. அவள் ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நரம்பு தெரியும் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் குற்றம் சொல்லாதது இவருக்குப் பயமாக இருந்தது.

"பல் டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றார்.

"ஊர் பல்லு ஓட்டையை அடைக்கற ஆளுக்கு வாயே ஓட்டை" என்றாள் அவள், திரும்பாமலே.

"ஏம்மா மறைச்சே?"

"நீங்க மறைக்கலையா?"

"நான்... உன் நிம்மதிக்கு."

"நானும் உங்க நிம்மதிக்குத்தான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா எதிர்ல நாற்காலியைப் போட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்திருப்பீங்க. மறைக்கணுமேங்கற கவலையில எட்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டீங்க, தூங்கினீங்க. பெரிய டாக்டர்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன், எனக்குத் தெரியும்கறதை எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டிக்காதீங்கன்னு."

"நீ போனப்புறம் நான்..."

"அதுக்குத்தான் படகு. காலையில எழுந்ததும் கைக்கு ஒரு வேலை இருக்கணும். இல்லேன்னா நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்க."

கண்ணாடிக்காரர் மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைத்தார். "ஆனா படகுதான் முடிஞ்சுபோச்சே! ஒரு பக்கம் பெயின்ட் மட்டும்தான் பாக்கி. ஒரே வாரம். இந்த ஒரு தடவை நீ தோத்துட்டேம்மா."

"ஆமாங்க" என்றாள் அவள் சாதுவாக. "தோத்துட்டேன். கொஞ்சம் அந்தப் பிடியைக் குடுங்களேன், நானும் ஓட்டிப் பார்க்கறேன்."

சுக்கான் பிடியை அவள் கையில் வைத்துப் பாடம் சொன்னார். "இது தலைகீழ். பிடியை வலப்பக்கம் தள்ளினா படகு இடப்பக்கம் போகும். இடப்பக்கம் தள்ளினா வலப்பக்கம்."

"நம்ம குடித்தனம் மாதிரி" என்றாள். இரண்டு தடவை திருப்பியும் காட்டினாள். கெட்டிக்காரி.

கரை நெருங்கியது. வலப்பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. "வலப்பக்கம் தள்ளு!" என்றார். படகு பாறையைப் பார்த்து நேராகப் போனது. "வலப்பக்கம்! வலப்பக்கம்மா!" என்று கத்தினார்.

டமார்.

எட்டு மாதம் தேய்த்த அடிப்பாகம் பப்பாளி மாதிரி பிளந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். மைத்துனன் ஓடிவந்து அக்காவைத் தூக்கிக் கரையில் விட்டான். திரும்பப் போய்க் குனிந்து, பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அத்தான், அடிப்பலகை மொத்தமும் போச்சு. ஒன்றரை வருஷ வேலை இது. குறையவே குறையாது."

கண்ணாடிக்காரர் சொட்டச்சொட்டக் கரையேறி, மனைவி பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பிடியை எந்தப் பக்கம் தள்ளணும்னு மறந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே, நல்லா ஞாபகம் இருந்துது" என்றாள் அவள்.