தேனிலவுக்கு ஒரு மலர்ச்சாலை

“எங்கள் இணையதளம் முதல் பக்கத்தில், முதல் ஆளாக வரவேண்டும்” என்று யாராவது வந்து எதிரே உட்கார்ந்தால், எனக்கு இப்போதெல்லாம் முதலில் கொட்டாவிதான் வருகிறது. பிழைப்பே அதுதான். கொழும்பில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு ஊரார் தளங்களை இணையத் தேடலில் மேலே தள்ளுகிறேன். நான் தள்ளுவேன், அது இறங்கும். மறுபடி தள்ளுவேன். ஆனால் நான் முதன்முதலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்த தளம் எது என்று வாடிக்கையாளர் யாருக்கும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன். அது மலையகத்தில், ஹட்டனில் இருந்த ஒரு மலர்ச்சாலை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இலங்கையில் மலர்ச்சாலை என்றால் பூக்கடை அல்ல. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் சவப்பெட்டி, கண்ணாடி வண்டி, பூ அலங்காரம் எல்லாம் கொடுத்து நல்லபடியாக அனுப்பிவைக்கும் இடம். (இந்த இரண்டு வரியை அன்றைக்கே தளத்தில் எழுதித் தொலைத்திருக்கலாம்.)

இன்டர்நெட் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்த காலம் அது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த நான், ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அந்த வயதில் எனக்கிருந்த அறிவைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயத்தை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மலர்ச்சாலை முதலாளி பெருமாள் என்னை வேலைக்கு வைத்ததே அவருடைய ஒரு மனக்குறையினால்தான்.

“கொழும்புல இருக்குற மருமகன் தேடிப் பாத்துருக்காரு தம்பி. நாம மூணாம் பக்கத்துல வர்றோமாம். சாவு வீட்டுல எவன் மூணாம் பக்கம் வரைக்கும் பாப்பான்?”

நியாயமான கேள்வி. “ஒரு மாசம் குடுங்க முதலாளி, முதல் இடத்துல நிக்க வைக்கிறேன்” என்றேன்.

அப்போது எனக்கு ஒரு தந்திரம் தெரியும். (ஒன்றே ஒன்றுதான் தெரியும்.) வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் சொற்களை அடித்துவிட்டால் மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற இயந்திரம் மட்டும் படித்துக்கொள்ளும். எந்தச் சொல்லை அடிப்பது? மலர்ச்சாலையைத் தேடுகிறவர்கள் குறைவு. நெட் கஃபேயில் உட்கார்ந்து எல்லோரும் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தேன். அப்புறம் ‘நுவரெலியா’, ‘தேனிலவு’, ‘ரூம்’, ‘அமைதியான இடம்’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒவ்வொன்றையும் முந்நூறு தடவை அடித்துத் தள்ளினேன். கூட்டம் வந்தால் போதும், எதற்கு வந்தால் என்ன என்பது என் சித்தாந்தம்.

கண்ணுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் முதலாளியுடையது. “பொட்டிப் படம் போடாத தம்பி. சாவுங்கிற சொல்லும் வேணாம். பாக்குறவங்க மனசு நோகும்” என்றார். ஆகவே மேலே தேயிலை மலைப் படம். கீழே: ‘அமைதியான சூழல். குளிரூட்டப்பட்ட அறை. மலர் அலங்காரம். விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வாகனம். எத்தனை நாளும் பாதுகாப்பாக வைத்திருக்கலாம்.’

ஒரே மாதத்தில் முதலிடம். பக்கத்துக் குளிர்மலை ஊரான நுவரெலியாவில் தேனிலவுக்கு இடம் தேடிய அத்தனை பேருக்கும் முன்னால் போய் நின்றது எங்கள் மலர்ச்சாலை. “முதலாவதா வந்துட்டோம் முதலாளி” என்றேன். எதைத் தேடினால் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“ரெண்டு பேருங்க. எங்க அக்கா பொண்ணு, மாப்பிள்ளை. கல்யாணமாகி நாலு நாள்தானுங்க ஆச்சு.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். “ரெண்டு பேரும் ஒண்ணாவாங்க?”

“ஒண்ணாத்தானுங்க. தனித்தனியா எப்படிங்க?”

“சரிங்க, சரிங்க. எத்தனை நாளைக்கு வைக்கணும்?”

“மூணு நாள் இருக்கட்டுங்க. ஏசி ரூம்தானுங்களே?”

“நல்ல குளிரா இருக்கும். ஒரு கொறையும் வராது. கூட யாரு வர்றீங்க?”

“இந்த நேரத்துல நாம எதுக்குங்க கூட? அவங்க மட்டும் வரட்டும். வண்டி மட்டும் ஏர்போர்ட்டுக்கு அனுப்பிருங்க. பூவு நல்லாப் பண்ணுங்க. ரோஜாவும் கலந்துக்கங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அப்போதே லேசாக ஏதோ இடித்தது. “முதலாளி, அவங்க செத்துட்டாங்கன்னு சொல்லவே இல்லையே?” என்றேன்.

“துக்கத்துல இருக்கவங்க வாயில அந்தச் சொல்லு வராது தம்பி. நாமளும் கேக்கக் கூடாது. முப்பது வருஷமா பாக்குறேன்.”

“கோயம்புத்தூர்ல இருந்து இங்க எதுக்குக் கொண்டு வர்றாங்க?”

“இங்கேருந்து கப்பலேறிப் போன குடும்பமா இருக்கும். பாட்டன் பூட்டன் மண்ணுல கெடக்கணும்னு நெனைக்கிறாங்க.”

அதற்கு மேல் என்ன கேட்பது? தோட்டங்களிலிருந்து அப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. என் சித்தப்பாவும் போனவர்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. (தேனிலவு என்று முந்நூறு தடவை அடித்த அதே கை கண்ணைத் துடைத்தது.) போனில் சொன்ன இரண்டு பெயர்களையும் பெரிய எழுத்தில் அழகாக அடித்து, கறுப்புக் கரை போட்டு நானே அச்செடுத்தேன்: கார்த்திக், நித்யா.

சனிக்கிழமை கண்ணாடி வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். பின்னால் பக்கத்துப் பக்கமாக இரண்டு பெட்டிகள், ரோஜா கலந்த மாலைகள், பெயர் அட்டைகள். நான் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. ஓட்டியது பண்டா அண்ணன். சிங்களவர், எங்கள் தமிழை எங்களை விட நிதானமாகப் பேசுவார். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பெட்டியில் கூட்டிவர அங்கே சரக்குப் பகுதிக்கு எத்தனையோ தடவை வந்தவர். அன்று அங்கே எங்கள் பெயருக்கு எந்தக் காகிதமும் இல்லை. ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஜன்னலாக நின்று கேட்டேன். கடைசியில் முதலாளி கொடுத்துவிட்ட கைபேசி அடித்தது.

“வண்டி அனுப்பியிருக்கிறதா மாமா சொன்னாருங்க. நாங்க வெளிய நிக்கிறோம்.”

“நீங்க யாருங்க பேசுறது?”

“நாங்கதாங்க. அந்த ரெண்டு பேரு. கார்த்திக்.”

பண்டா அண்ணனிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “உயிரோட இருந்தா காகிதம் வராதுதானே மல்லி” (சிங்களத்தில் தம்பி) என்று வண்டியைத் திருப்பினார்.

நான் இறங்கி நடந்து முன்னால் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு மறுநாள் வந்தது. வண்டி நேராக அவர்கள் முன்னால் போய் நின்றது.

“ஐயோ, எவ்வளவு பூ!” என்று அந்தப் பெண் கையைத் தட்டினாள். பிறகு கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். கார்த்திக் அட்டையில் தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். என் டையைப் பார்த்தார்.

“இது என்ன மாதிரி ஹோட்டலுங்க?”

சொன்னேன். வெள்ளை எழுத்து, மூன்றாம் பக்கம், பெருமாள் முதலாளி, எல்லாவற்றையும் விமான நிலைய வாசலில் நின்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. நித்யா சூட்கேஸ் வைத்த தள்ளுவண்டியில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள், போலீஸ் வரப்போகிறது, அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. மூச்சு முட்டுகிற சிரிப்பு.

முதலாளிக்குப் போன் போட்டேன். “முதலாளி, ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க.”

அவர் கேட்டார்: “ரெண்டு பேருமா?”

வேறு வாகனம் பிடித்துத் தருகிறேன் என்றேன். நித்யா கேட்கவில்லை. “முன்னாடிதான் சீட் இருக்கே” என்றாள். ஆகவே புதுத் தம்பதி பண்டா அண்ணனோடு முன்னால். அவர்களுடைய சூட்கேஸ்களைப் பண்டா அண்ணன் ஆளுக்கொரு பெட்டிக்குள் வைத்து மூடினார். அளவு சரியாக இருந்தது. நான் பின்னால், இரண்டு பெட்டிக்கும் நடுவில். ஹட்டன் வரைக்கும் வழிநெடுக ஆட்கள் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். நித்யா எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தாள்.

துக்கத்துக்காகக் கடைத்தெருவில் கட்டிய வெள்ளைக் கொடிகளை முதலாளி அவசரமாக அவிழ்த்திருந்தார். அவர் மனைவி ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்று, மூன்று தடவை சுற்றியும் திருப்தியில்லாமல் நான்காவது தடவையும் சுற்றினார். முதலாளி கைகூப்பிக்கொண்டே, “மன்னிச்சுக்கங்க. மூணு நாளும் எங்க வீட்டுலதான் இருக்கணும்” என்றார். தங்கள் சொந்த அறையையே ஒழித்துக்கொடுத்தார்கள். ஏசிக்கு ஜன்னலைத் திறந்தாலே போதுமாக இருந்தது. கார்த்திக் இரண்டாம் நாள்தான் என்னோடு பேசினார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. “அந்த வெள்ளை எழுத்த அழிச்சிரு தம்பி” என்றார், அவ்வளவே. அழித்தேன். ஆனால் அதற்குள் தேடுகிற இயந்திரம் என் தந்திரத்தைக் கண்டுபிடித்து எங்களைப் பட்டியலை விட்டே தூக்கியிருந்தது. மலர்ச்சாலையின் முழுப் பெயரை அடித்தாலும் வரவில்லை. “மூணாம் பக்கத்துலயாவது இருந்தோம்” என்று பெருமூச்சு விட்டார். அந்தத் தொழிலைச் சரியாகக் கற்றுக்கொண்டு வந்து, அவரை மறுபடி முதல் பக்கத்தில் ஏற்ற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்தத் தடவை, இறந்தவர்களுக்காக மட்டும்.

கோயம்புத்தூர்த் தொடர்பு விடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்கிறோம். போன தடவை அவர்கள் மகள் போனை எடுத்தாள். யார் என்று கேட்டாள், பெயரைச் சொன்னேன். போனை மூடாமலே வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள்: “அம்மா! பொட்டி மாமா பேசுறாரு!”

ஸ்பீக்கரில் இருந்தது. என் பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சின்னவன் போன வாரம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்: “பொட்டி மாமான்னு எழுது.”