லாடம் பதிந்த மாப்பிள்ளை

எனக்கு மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. பகுத்தறிவெல்லாம் இல்லை, அலுப்புதான் காரணம். ஒன்றை நம்ப ஆரம்பித்தால் அதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது! எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், விடிவதற்குள் குளிக்க வேண்டும். எதையும் நம்பாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கலாம். இந்தக் கொள்கையோடு நிம்மதியாக இருந்தவனைத்தான் ஒரு குதிரை உதைத்தது.

என் மச்சினன் சரவணன் பாலக்கோட்டில், தக்காளி மார்க்கெட் பக்கம், டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்ட சமயம் அது. அதற்கு முன் செல்போன் கடை வைத்து மூடியிருந்தான், பேக்கரி வைத்து மூடியிருந்தான். இதுவும் படுத்தால் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று மாமனார் சொல்லிவிட்டார். பையன் அப்போதிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே இந்த முறை வாசற்படியில் குதிரை லாடம் அடித்தே தீருவது என்று முடிவானது. கடையில் விற்கிற புது லாடம் ஆகாது, ஓடின குதிரையின் காலில் இருந்ததுதான் வேண்டும். கொண்டு வர வேண்டியவன் மூத்த மாப்பிள்ளையான நான்.

"இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாதுங்க மாப்ள" என்றார் மாமனார்.

"கடை பூராவும் இரும்புதானே மாமா இருக்குது?"

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் நிக்கிற இரும்புங்க. இது ஓடுன இரும்பு. இது ஓடுன மாதிரி யாவாரமும் ஓடும்."

(லாடத்துக்கு அதிர்ஷ்டம் எப்படி வந்தது என்று எங்கெங்கோ ஆராய்கிறார்களாம். என் மாமனாரிடம் கேட்டிருந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பார்.)

ஏரியூர்ப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் இருந்தார். வெயிலில் பைக் ஓட்டிப் போய்க் கேட்டேன்.

"பழசெல்லாம் ஆளாளுக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்பக் கால்ல இருக்கறது தேஞ்சிருச்சு, வியாழக்கெழம மாத்தறேன். வந்து வாங்கிக்கோங்க" என்றார்.

கடை திறப்பும் வியாழக்கிழமைதான். இன்னொரு முறை அலைய உடம்பில் தெம்பில்லை. "குதிரைய கடைக்கே கூட்டிட்டு வந்துருங்க, அங்கயே கழட்டிக்கலாம்" என்றேன். சோம்பேறியின் மூளை அவசரத்துக்கு இப்படித்தான் வேலை செய்யும். வீட்டுக்கு வந்து, "லாடம் என்ன மாமா, குதிரையே வருது" என்று அறிவித்தபோது, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மாமியார் எனக்கு இரண்டாவது காபி கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை குதிரை மினி லாரியில் வந்து இறங்கியது. ரோட்டைப் பார்த்து நின்றது. அதன் பின்பக்கம் கடை. நல்ல நேரம் பிறந்ததும் சரவணன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். அதற்கு முன் குதிரைக்குச் சூடம் காட்டச் சொல்லி மாமியார் தட்டை என் கையில் கொடுத்தார். புது நீலக் கட்டம் போட்ட சட்டையில் நான் மிதப்பாக நின்றிருந்தேன். முகத்துக்கு நேரே காட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கழற்றப் போகிற லாடம் பின்னங்காலில் இருந்தது. பூஜை லாடத்துக்குத்தானே, குதிரைக்கு இல்லையே என்று (படித்தவன் அல்லவா!) பின்பக்கம் போய்க் குனிந்து, குளம்புக்குப் பக்கத்தில் தட்டைச் சுற்றினேன்.

"பின்னால போவாதீங்க" என்று குதிரைக்காரர் சொன்னது நன்றாகக் கேட்டது. அப்போது நான் காற்றில் இருந்தேன்.

"அம்மா" என்று கத்திக்கொண்டே வாசற்படியைத் தாண்டி ஃபேன் பெல்ட் குவியலில் போய் விழுந்தேன். வலது காலா இடது காலா என்ற கேள்விக்கே இடமில்லை, முதுகுதான் முதலில் உள்ளே போனது. வெளியே சரவணன் கையில் தேங்காயோடு அப்படியே நின்றான். தொடை வலியைவிட அவன் முகத்தைப் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை. மூன்றாவது கடையை அவன் திறப்பதற்குள் நான் மூடிவிட்டேன் என்றே நினைத்தேன். "மிருகம் மெரண்டுருச்சுங்க" என்று குதிரைக்காரர் லாடத்தைத் தராமலே குதிரையை வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் என் இடது தொடையில் அரை வட்டமாக, அச்சு எடுத்த மாதிரி லாடம்.

கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த வருஷம் நல்ல மழை, டிராக்டர்கள் ஓயவே இல்லை, மார்க்கெட்டுக்கு வருகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். மாமனார் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. ஆனா வாசப்படியில இருக்க வேண்டிய லாடம் உங்க தொடையில இல்ல இருக்குது."

தழும்பு மறைந்து பல வருஷம் ஆகிறது. யாரும் அதைக் காட்டச் சொன்னதுமில்லை. ஆனால் சொந்தத்தில் யார் கடை திறந்தாலும் முதலில் நான்தான் நுழைய வேண்டும். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை (இப்போது நடுப் பட்டன் சேர்வதில்லை). முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும்போது "அம்மா" என்று சொல்ல வேண்டும். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்.

நாளைக்கு மாரண்டஅள்ளியில் ஒரு சிமெண்ட் கடை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே என் மனைவி சொல்கிறாள்:

"நாளைக்காவது 'அம்மா'ன்றத கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. போன தடவ வாய்க்குள்ளயே முனகிட்டு வந்துட்டீங்களாம். அந்தக் கடை சரியா ஓடலன்னு வருத்தப்படறாங்க."