அப்படியே சாரும் பதினேழு கடல்களும்

ஒரே நேரத்தில் மூன்று மாடிகளில் இருக்கக்கூடிய மனிதர் ஒருவரை நான் அறிவேன். நாவலூரில் நான் சேர்ந்த முதல் அலுவலகத்தில் அவர்தான் எனக்கு மேலதிகாரி.

இரண்டாம் மாடிக்குப் போனால் ஜன்னலோர மேஜையில் அவருடைய மூக்குக் கண்ணாடி, மடித்த நீலக் கைக்குட்டை, எவர்சில்வர் டம்ளரில் பாதி டீ. ஆள் இருக்கமாட்டார். மூன்றாம் மாடியில் அதே ஜன்னலோரம், அதே கண்ணாடி, அதே கைக்குட்டை, அதே பாதி டீ. நான்காம் மாடியிலும் அதுவே. மூன்று டீயும் சூடாக இருக்கும். சேர்ந்த புதிதில் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடியிருக்கிறேன்.

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நிறுத்துவார். "இன்னா தம்பி, யார தேடுற? சாரு இப்பத்தான் மேல போனாரு."

"நான் மேலருந்துதாண்ணா வர்றேன்."

"அப்ப கீழ கீறாரு. எங்கனா ஒரு எடத்துல கீறாரு, வுடு."

எல்லாவற்றிலும் மூன்று மூன்று வாங்கி வைத்திருந்தார், அவ்வளவுதான் விஷயம். "எங்க போய் ஒக்காந்தாலும் எல்லாம் அப்படியே இருக்கணும்பா" என்பார். அப்படியே சார் என்றே பெயராகிவிட்டது. ஒருமுறை தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நான்காவது கண்ணாடி இருந்தது, பக்கத்தில் பாதி டீயும். நான் தொடவில்லை.

அவர் வேலையே அவரை அப்படி ஆக்கியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. மேஜையில் இருப்பது திரையும் கீபோர்டும்தான். உண்மையான கம்ப்யூட்டர்கள் குளிர்ந்த அறையில் இருந்த மூன்று சர்வர்கள். காலையில் நாம் லாகின் செய்ததும் எதில் கூட்டம் குறைவோ அது நம்மை ஏற்றுக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறு. ஆனால் நம் திரையின் பின்னணிப் படம், எழுத்தின் அளவு, மவுஸ் பழக்கம் எல்லாம் நம் பின்னாலேயே வர வேண்டும். அந்த மூட்டைக்குப் பெயர் புரொஃபைல். மாலையில் மடித்துப் பொது அலமாரி ஒன்றில் வைக்கப்படும். அந்த அலமாரிக்குக் காவல் அப்படியே சார். எடுபிடி நான்.

அலமாரியிலேயே அவர் பொத்திப் பாதுகாத்த மூட்டை ரூத் அக்காவுடையது. நான்காம் மாடியில் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பவர். வலது கண் அநேகமாகப் போய்விட்டது, இடது கண்ணை வைத்துச் சமாளித்தார். திரையில் கோவளம் கடற்கரை, கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் அம்பு, இடது கைக்கு மாற்றிய மவுஸ், ஒவ்வொரு புரோகிராமிலும் தனித்தனியாகப் பெருக்கிய எழுத்து. ஐந்து வருடமாக இருவரும் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. அது இருந்தால்தான் அவரால் மற்றவர்கள் வேகத்துக்கு வேலை செய்ய முடியும். வேகம் குறைந்தால் எங்கள் நிறுவனம் வருத்தம் தெரிவித்து வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அக்கா கண் ஆபரேஷனுக்கு விடுப்பில் போனார். ஒரு மாதம் என்றது மூன்று மாதத்தை நெருங்கியது. தொண்ணூறு நாள் லாகின் செய்யாதவர்களின் மூட்டை தானாக அழிந்துவிடும் என்பது அலுவலக விதி. சார் மேனேஜரிடம் போய் நின்றார்.

"வந்தா புதுசா செட் பண்ணிக்கட்டும் சார். இடம் இல்ல" என்றார் மேனேஜர்.

"அஞ்சு வருஷம் சார் அது."

"நாலு ஜிபி சார் அது."

தொண்ணூற்றோராம் நாள் அலமாரியைப் பார்த்தேன். அக்காவின் மூட்டை இல்லை. சாரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் மேஜைக்கு வந்தான். "அண்ணா, ரூத்னா யாருண்ணா?"

போய்ப் பார்த்தேன். அவன் திரையில் கோவளம் கடற்கரை. இழுத்துவிட்ட படகு ஒன்று, தூரத்தில் முதுகு காட்டி நிற்கும் பெண். பெரிய மஞ்சள் அம்பு. மவுஸ் இடது கைக்கு மாறியிருந்தது. மூன்று நாற்பதுக்கு 'டிங்' என்று எழும்பிய சீட்டு இன்னும் அங்கேயே நின்றது: 'ரூத், கண்ணுக்குச் சொட்டு.'

மாலைக்குள் ஒன்பது திரைகளில் அந்தக் கடல். மறுநாள் பதினேழு. ரூத் அக்கா ஆபரேஷன் டேபிளிலேயே போய்விட்டார் என்று நான்காம் மாடியில் முடிவே கட்டிவிட்டார்கள். அதே மாடியில் வேலை பார்க்கும் திவ்யா கேன்டீனில் என் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து என் ஸ்கிரீன்ல அந்தம்மா படகுகிட்ட நின்னாங்க. இன்னிக்குக் கிட்ட வந்துட்டாங்க."

"இன்னிக்கு நீ பெரிய மானிட்டர்ல ஒக்காந்திருக்கே."

"சரி. அவங்க திரும்பிப் பார்த்தா, அதுக்கும் நீயே வந்து காரணம் சொல்லு."

அன்று மூன்று நாற்பதுக்குப் பதினேழு கம்ப்யூட்டர்களும் ஒன்றாக 'டிங்' என்றன. மாடி முழுக்க விரல்கள் நின்றன. யாரோ முணுமுணுவென்று ஜெபம் செய்தார்கள். ஒருவர் டிராயரைத் திறந்து, மதியம் வாங்கி வந்திருந்த சொட்டு மருந்தை எடுத்து, நல்ல கண்ணுக்குள் பயபக்தியோடு விட்டுக்கொண்டார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யார் வேலைன்னு எனக்கு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். எதுவா இருந்தாலும் தொடைச்சிடு."

தேடினேன். பிடரிக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. கடைசியில் சர்வர்களில் இருந்த மாதிரிப் பெட்டியில் கண்டுபிடித்தேன். புதிதாக வருகிறவர்களுக்கும், மூட்டை பழுதானவர்களுக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் ஒரு நகல் போகும். அதற்குள் ரூத் அக்கா முழுசாக இருந்தார். திரும்பினால், பின்னால் நிஜமாகவே அப்படியே சார் நின்றிருந்தார்.

"தொண்ணூறு நாள் விதி தொடாத எடம் அது ஒண்ணுதான்பா" என்றார்.

"அதுல வெச்சா எல்லாருக்கும் போகுமே சார்?"

"இந்த மாசம் புது ஆளு கெடையாதுன்னாங்க, ஒருத்தன் வந்துட்டான். அலமாரி நெறஞ்சு மூட்டை பழுதாவறவங்களையும் மறந்துட்டேன்."

"ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சிருக்கலாமே?"

"பென்டிரைவ் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கேப்பா." நான் ஏதோ திருடச் சொன்னது போலப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வியாழக்கிழமை வர்றாங்க. வந்து லாகின் பண்ணா பழைய மூட்டை இருக்காது. மாதிரிப் பெட்டியிலருந்துதான் எடுத்துக் குடுக்கும்" என்றார்.

அன்று செவ்வாய். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அனகாபுத்தூரில் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆபீஸில் பொய் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மேனேஜர் அறைக்குப் போய், "மாதிரிப் பெட்டி தானா கெட்டுப்போச்சு சார். இப்ப தொடைச்சா மொத்தமும் படுத்துரும். வெள்ளிக்கிழமை சரி பண்ணிடறேன்" என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் நம்பிவிட்டார்.

வியாழன் காலை ரூத் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் வந்து இறங்கினார். செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி பின்வாங்கினார். "யம்மா, நீ உசுரோட கீறியா?"

"இருக்கேண்ணா. ஏன், வேணாமா?"

நான்காம் மாடியில் அவர் நடக்க நடக்க இரண்டு பக்கமும் நாற்காலிகள் சத்தமில்லாமல் விலகின. காலியாயிருந்த மேஜையில் உட்கார்ந்தார். நானும் சாரும் தூணோரம் நின்றோம். அக்கா கண்ணாடியைக் கழற்றி, தடவித் தடவிப் பாஸ்வேர்டு அடித்தார். திரை கறுப்பாகவே இருந்தது. மாதிரிப் பெட்டி திறக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடல் வந்தது. மஞ்சள் அம்பு வந்தது. அக்காவின் இடது கை தானாக மவுஸைப் பிடித்தது. ஒரு பில்லைத் திறந்து முழுவதும் படித்து முடித்தார். பிறகு பக்கத்துத் திரைகளிலும் அதே கடலைப் பார்த்துவிட்டு, "என்ன சார், என் வீட்ல யாரோ குடியிருந்துட்டுப் போன மாதிரி இருக்கே" என்றார்.

"பதினேழு பேரும்மா" என்றார் அப்படியே சார். "யாரும் எதையும் கலைக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றால், எந்த மேனேஜரிடமும் எந்தப் பொய்யையும் நாக்கு ஒட்டாமல் சொல்வேன்.