ஒரு மதிய உணவும் மூன்று திருத்தங்களும்

மனிதரில் உணவகம் தேர்ந்தெடுப்போர் என்றொரு தனி இனம் உண்டு. உண்போர் வேறு, இவர் வேறு. உண்போருக்குப் பசி வரும். இவருக்கு ஐயம் வரும். வீட்டில் ஒரு பிறந்தநாள், ஒரு நிச்சயதார்த்தம், ஒரு பட்டமளிப்பு என்று பேச்செழுந்த மறுநிமிடம், "இடத்தை நான் பாத்துக்கறேன், நீங்க யாரும் தலையிடாதீங்க" என்று ஒரு குரல் கேட்கிறதல்லவா? அவர்தாம். அவரை எவரும் நியமிக்கவில்லை. ஆகவே எவராலும் நீக்க இயலாது.

இவ்வினம் எல்லா ஊரிலும் வாழ்கிறது எனினும், திருப்பூரில் வளரும் வகைக்குச் செழுமை அதிகம். ஒரே ஒரு சட்டையை மாதிரிக்குத் தைத்து, கடல் கடந்து அனுப்பி, கழுத்துப்பட்டை கால் அங்குலம் இறங்கட்டும் என்று பதில் வந்ததும் திருத்தி, மறுபடி அனுப்பி, ஒப்புதல் கிடைத்த பிறகே மொத்தத் துணியில் கத்தரி வைக்கும் ஊர் இது. அந்த ஒழுங்கு சட்டைக்கு நல்லது. சாம்பாருக்கு?

எடுத்துக்காட்டுக்கு அருள்குமாரைப் பார்ப்போம். நெருப்பெரிச்சலில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தரப் பரிசோதனை மேலாளர்; அப்பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள். அவருடைய தங்கை கோமளாவின் மகள் பூங்குழலி பொறியியல் பட்டம் பெற்றாள். இரு குடும்பங்களிலும் அதுவே முதல் பட்டம். வேலை சென்னையில். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ரயில். புறப்படுமுன் அன்று மதியம், சொந்தபந்தம் பதினான்கு பேரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதொன்றே அவள் கேட்டது. இதைச் சிறிய ஆசையென்று எண்ண வேண்டா. தந்தை தங்கராஜுக்கு அருள்புரத்தில் இரவு ஷிப்டு. தாய்க்குத் தையல் பிரிவில் பகல் ஷிப்டு. ஒருவர் உண்ட தட்டு காய்ந்த பிறகே அடுத்தவர் வந்து அமரும் வீடு அது.

"ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற மெஸ்ஸே போதுங்க மாமா. எல்லாரும் ஒண்ணா உக்காந்தாச் சரி" என்றாள் பூங்குழலி.

"சோறு நல்லாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா அது எந்த ஸ்டாண்டர்டுலயும் வராது" என்றார் மாமா. மெஸ் அத்துடன் கழிக்கப்பட்டது.

ஆய்வு தொடங்கிற்று. சட்டைப்பையில் அளவுநாடா, கையில் ஓர் அட்டை, அட்டையில் கட்டமிட்ட தாள். அவிநாசிச் சாலையிலிருந்த ஏசி உணவகத்தில் அவர் மேசையின் நீளம் அளந்தார்; நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடையே முழங்கை அகலம் அளந்தார்; படிக்கட்டின் உயரம் அளந்து, மூட்டுவலிக்காரர் இருவரை மனத்தில் நிறுத்தித் தாமே நான்கு முறை ஏறி இறங்கினார்; இறுதியில் ஒரு கிண்ணம் சாம்பார் வாங்கிச் சுவைத்து, ஒப்புதல் அளித்தார். குடும்ப வாட்ஸப் குழுவில் "திருத்தம் 1" வெளியாயிற்று. வியாழனன்று, மாதிரியும் மொத்தமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க மீண்டும் சென்றார். உப்பு ஒரு கல் கூடியிருந்தது. வியாழக்கிழமை சமையலுக்கு வேறு மாஸ்டர் என்று மேற்பார்வையாளர் பணிவுடன் விளக்கினார்.

"அப்ப பல்க்குல வேரியேஷன் வரும்ங்கறீங்க" என்றார் அருள்குமார். அவ்வளவே. உணவகம் தள்ளுபடி.

அடுத்தது பல்லடம் சாலையிலிருந்த பிரியாணிக் கடை. அங்கே பிரியாணியில் குறை காண இயலவில்லை. அது அவருக்கே சற்று வருத்தந்தான். கேசரி காப்பாற்றியது. வெள்ளியன்று ஒப்புதல் அளித்தபோது வாங்கிய கேசரியைச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்தி, சனியன்று புதிய கேசரியை அதனருகே வைத்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், உள்ளே குழல்விளக்கின்கீழ் ஒருமுறையும் பார்த்தார். நிறம் ஒரு சாயல் வேறுபட்டது. சாயம் மாறிய துணியை விடாதவர் கேசரியை விடுவாரா? சனி மாலை, நேரமின்மையால் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல், அவிநாசிபாளையத்திலிருந்த ஒரு தோட்டத்து உணவகத்துக்குக் கிடைத்தது.

இங்கேதான் தொழில் அவரைக் கவிழ்த்தது. முந்தைய தாளைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டவருக்கே அடுத்த தாள் என்பது அவருடைய நிறுவன வழக்கம். ஆகவே முதல் திருத்தத்துக்கு "ஓகே" போட்ட ஒன்பது பேருக்கு மட்டும் தனித்தனியே, பல்லடம் சாலை என்ற இரண்டாம் திருத்தம் சென்றது. அதற்கும் "ஓகே" போட்ட ஐவருக்கு மட்டும் மூன்றாம் திருத்தம். பதில் போடாதவர்? நிலுவையில் உள்ளவர்.

ஞாயிறு நண்பகல், நிலுவையில் உள்ளவர் ஐவர் அவிநாசிச் சாலையிலும், நால்வர் பல்லடம் சாலையிலும் சரியான நேரத்துக்கு வந்து அமர்ந்தனர். அவிநாசிபாளையத்தில் பதினான்கு நாற்காலிகளுக்கு நடுவே அருள்குமார், கோமளா, பூங்குழலி, மற்றும் இருவர். பூங்குழலியின் பெட்டி காலருகே இருந்தது. அருள்குமார், அவிநாசிச் சாலையில் அமர்ந்திருந்த தங்கராஜைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் திருத்தத்தைப் பார்த்து வந்தீர்கள் என்று விசாரித்தார்.

"ஷிப்டு முடிஞ்சு கம்பெனிலயே தூங்கிட்டு நேரா வந்துட்டனுங்க மச்சான், ஓகே போடலீங்க. குழலி எங்கீங்க? இலை போட்டுட்டாங்க."

கோமளா அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, புள்ள ஊட்ட உட்டுப் போற அன்னிக்கும் அவரு ஒரு ஓட்டல்ல, நான் ஒரு ஓட்டல்லங்களா?"

அருள்குமார் நான்காம் திருத்தத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பூங்குழலி அலைபேசியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள், குழுவில் எல்லாருக்குமாக ஒரே வரி எழுதினாள்: "ஸ்டேஷன் எதிர் மெஸ்ஸுக்கு வாங்க. ஓகே போட வேண்டாம்."

இரண்டு மணிக்குப் பதினான்கு பேரும் அங்கே இருந்தனர். மெஸ்காரர் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டார். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்வு. அதை அளந்தவர் யாரென்று நான் கூற வேண்டுமா? பொரியல் தீர்ந்திருந்தது, சோறும் ரசமும் அப்பளமும் இருந்தன. தங்கராஜும் கோமளாவும் மகளுக்கு இருபுறமும் அமர்ந்தனர். அருள்குமார் மூன்றாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். எப்படியிருக்கிறது என்று கோமளா கேட்டாள்.

"ரசம் பாஸு. ஆனா இது சேம்பிள்தான. நாளைக்கும் வந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டனுங்க மாமா" என்றாள் பூங்குழலி.

அருள்குமார் தம் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமலே, அவள் இலையில் வைத்தார்.

வாசகரே, சிரித்தது போதும். மேசை, படிக்கட்டு, சாம்பார், கேசரி அனைத்தையும் ஆராய்ந்த மனிதர் கை கழுவும் இடத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே என்று மேலே படிக்கும்போது தங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், தங்கள் வீட்டு அடுத்த விருந்துக்கு இடம் பார்க்கப்போகிறவர் யாரென்று தங்கள் உறவினர் அனைவருக்கும் முன்பே தெரியும். அவர்கள் வீட்டிலேயே இரண்டு இட்லி உண்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள்.