றக்பிக் கோப்பையும் என் சத்தியக் கடதாசியும்

பொய் சொல்லுவதற்கு வாய் மட்டும் போதாது, அதற்கேற்ற உடம்பும் வேண்டும். இந்த உண்மையை நான் தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில், நூற்றுப் பதினெட்டு றாத்தல் எடையோடு (ஜக்கெற், சப்பாத்து எல்லாம் சேர்த்துத்தான்) கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் வதனியைப் பதிவுத் திருமணம் செய்து பதினோராம் நாள் விமானம் ஏறியவன். அகதிக் கோரிக்கை ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. இனி வதனியைக் கூப்பிட வேண்டும் என்றால், இவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு முதலாளி கடிதம் தர வேண்டும். அவள் வெள்ளவத்தையில் சித்தி வீட்டு மூலையறையில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத்துக்குப் போனேன்.

நேர்முகம் செய்தவர் கென் என்ற மேற்பார்வையாளர். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவர். கழுத்து என்ற உறுப்பைக் கடவுள் அவருக்கு வைக்க மறந்துவிட்டார். என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் றக்பி விளையாடுவார்களாமே, நீயும் விளையாடியிருக்கிறாயா என்று ஆசையோடு கேட்டார். கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பள்ளிக்கூடங்களில் விளையாடுவார்கள்தான். யாழ்ப்பாணத்தில் நான் விளையாடியது, நிலத்தில் கோடு கீறி, மறிப்பவர் கையில் படாமல் ஓடும் கிளித்தட்டு மட்டும். ஆனால் நேர்முகத்தில் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று என் அறைத்தோழர் குணம் அண்ணை சொல்லி அனுப்பியிருந்தார். ஓம் என்றேன். எந்த இடத்தில் நின்று விளையாடினாய் என்றார். எல்லா இடத்திலும் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

வேலை கிடைத்தது. கூடவே ஒரு சிவப்பு மேற்சட்டையும் கிடைத்தது. கென் ஒரு றக்பி லீக் அணி நடத்துகிறார், அணிக்குப் பதின்மூன்று பேர், ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எட்டு அணிகள் அந்தக் கோடையில் ஒரு கோப்பைக்காக மோதப் போகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. முதல் பயிற்சியில் எனக்கு எதிரே நின்றவனின் தொடை என் இடுப்பளவு. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாடினால் சாவு. விளையாடத் தெரியாது என்று சொன்னால் பொய் பிடிபடும், வேலை போகும், கடிதம் போகும், வதனி சித்தி வீட்டு மூலையிலேயே இருக்க வேண்டியதுதான்.

அதனால் விரதம் பிடித்தேன். வெள்ளி விரதம், சதுர்த்தி, ஏகாதசி, ஆடி அமாவாசை என்று பயிற்சி நாளெல்லாம் எனக்கு விரத நாளாகிவிட்டது. பசியில் இருப்பவனைத் தள்ளி விழுத்துவது பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, கென் என்னைத் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக இருத்தினார். போட்டிகளுக்கு மாற்று ஆட்டக்காரர்களில் கடைசி ஆள் நான்தான்.

எனக்கு ஒரேயொரு நம்பிக்கை இருந்தது. அது ஒரு தடவை தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால் நான் தப்பினேன். பிள்ளையார் கோயிலுக்குப் போய் எங்கள் அணி தோற்க வேண்டும் என்று ஒரு தேங்காய் அடித்தேன். எதிரணி ஏறி வந்த வான் நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. வந்து சேர்ந்தது ஏழு பேர் மட்டும். ஆடாமலேயே வென்றோம்.

அரையிறுதிக்கு இரண்டு தேங்காய் அடித்தேன். மழையில் சேறாகிக் கிடந்த மைதானத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்குக் கால் சுளுக்கியது. அப்படியிருந்தும் வென்றோம். நான் இடிந்துபோய் வீட்டுக்கு வர, குணம் அண்ணை கையில் விபூதித் தட்டோடு கதவைத் திறந்தார்.

"வெண்டிட்டியளெல்லே? எனக்குத் தெரியும். நீர் வெட்கத்தில சொல்லேல்ல, ஆனா நீர் வெண்டால்தானே கென் கடிதம் தருவான். நூற்றியெட்டுத் தேங்காய்க்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். கென்ரை பேரிலயும் அர்ச்சனை செய்தனான். நட்சத்திரம் தெரியாது எண்டு ஐயரிட்டைச் சொல்லிட்டன்."

ஒரே அப்பார்ட்மென்ரிலிருந்து பிள்ளையாருக்கு இரண்டு மனு போயிருக்கிறது. மூன்று தேங்காய்க்காரனை விட்டுவிட்டு நூற்றியெட்டுத் தேங்காய்க்காரன் பக்கம் அவர் சாய்ந்ததில் பிழை சொல்ல முடியாது.

இறுதியாட்டத்துக்கு முதல்நாள் வதனியோடு தொலைபேசியில் பேசினேன். றக்பி பற்றி மூச்சு விடவில்லை. கேட்டாலே பயந்துவிடுவாள். ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு என்று கேட்டாள். தடிமன், மூக்கடைப்பு என்றேன். அவள் முகத்தை இனிமேல் பார்க்க மாட்டேன் என்றே அப்போது நம்பினேன்.

இறுதியாட்டத்தில் நான்கு புள்ளிகள் பின்னுக்கு நின்றோம். எட்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். கென் திரும்பிப் பார்த்தார். மாற்று ஆட்கள் உட்காரும் வாங்கில் நானும் தண்ணீர்ப் போத்தல்களும்தான் இருந்தோம்.

உள்ளே போய், பந்து எந்தப் பக்கம் வராதோ அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றேன். வந்துவிட்டது. நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் ஐந்தாறு பேர் என்னை நோக்கி ஓடி வருகிறார்கள். அதன் பிறகு ஓடியது நான் இல்லை, என் பயம். ஆளுக்கு ஆள் வளைந்தேன், நெளிந்தேன், ஒருத்தனுடைய கைக்குக் கீழே புகுந்தேன். கிளித்தட்டில் பழகிய கால்கள். ஒருவர் கையும் என்மேல் படவில்லை. கோட்டைத் தாண்டியும்விட்டேன்.

அந்த இடத்தில் பந்தை நிலத்தில் வைத்தால் நான்கு புள்ளி. ஆட்டம் சமநிலை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிளித்தட்டில், கடைசிக் கோடு வரை போனால் போதாது. யார் கையிலும் படாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். என் கால்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். நான் திரும்பி, பந்தோடு, வந்த வழியே ஓடத் தொடங்கினேன்.

இரண்டு அணியும் வாயைத் திறந்தபடி வழி விட்டன. பாதி மைதானம் வந்தபோது யாரோ வந்து மோதினார்கள். என்னை விழுத்தியது எதிரணியா, பொறுக்க முடியாத எங்கள் அணியா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. தோளில் காறை எலும்பு முறிந்தது. கோப்பை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கென் பக்கத்தில் வந்து இருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். றக்பி தெரியாது, பொய், மனைவி, கடிதம், தேங்காய் உட்பட. அவர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, உன்னை ஜன்னல் சட்டம் வெட்டத்தான் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன், நீ ஒன்றைக்கூடப் பிழையாக வெட்டியதில்லை, திங்கட்கிழமை கடிதம் தருகிறேன் என்றார். தந்தார். அதோடு, நல்ல மனுசன், உதவியாக இருக்கும் என்று தன் பங்குக்கு ஒரு பந்தியும் சேர்த்திருந்தார். இவர் எங்கள் றக்பி அணியின் மிகத் துணிச்சலான வீரர், இறுதியாட்டத்தில் எலும்பு முறியும்வரை போராடியவர் என்று. வாசித்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்படியே விசா அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

சில மாதங்களில் வதனிக்கு விசா நேர்முகம் வந்தது. உண்மையான கலியாணம்தானா என்று பார்க்கக் கேள்வி கேட்பார்கள். என் சப்பாத்து அளவு, எனக்குப் பிடித்த கறி, என் அக்காவின் பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் அவள் பாடமாக்கி வைத்திருந்தாள். நேர்முகம் முடிந்த கையோடு தொலைபேசி எடுத்தாள்.

"எல்லாத்துக்கும் சரியாச் சொன்னனான். உங்கடை மனுசன் என்ன விளையாட்டு விளையாடுவார் எண்டும் கேட்டவங்கள்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் விளையாடமாட்டார் எண்டன். சரியான பயந்தவர், நாய் குலைச்சாலே மதிலில ஏறி நிப்பார் எண்டன். அந்த மனுசன் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏதோ எழுதினார். ஏனப்பா, பிழையோ?"

என் வாழ்க்கையில் நான் பட்ட பயங்களில் அதுதான் பெரிய பயம். மைதானத்தில் பட்டதெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. கென்னின் கடிதத்தில் நான் மிகத் துணிச்சலான வீரன். கட்டிய புருஷனைத் தெரியாத பெண், பொய்க் கலியாணம் என்று முடிவெடுத்தால் எல்லாம் முடிந்தது. விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. இனிப் பொய் உதவாது. குணம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போய்ச் சத்தியக் கடதாசி எழுதினோம். நான் இயல்பிலேயே பயந்தவன் என்றும், றக்பி விளையாட்டு எனக்குத் தெரியாது என்றும், பயத்தினாலேயே பந்தோடு ஓடினேன் என்றும், என் மனைவி என்னைப் பற்றிக் கூறிய அனைத்தும், நாய் உட்பட, முற்றிலும் உண்மை என்றும் கையெழுத்திட்டேன். வழக்கறிஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார்.

நான்கு மாதம் கழித்து வதனி வந்து இறங்கினாள். கையில் கலியாணப் பதிவுப் பத்திரம், அதன் கீழே அந்தக் கடதாசியின் பிரதி.

இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் இருக்கிறோம். கடவுச்சீட்டுகளோடு அந்தச் சத்தியக் கடதாசியையும் அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். போன கோடையில் மகள் என் கையைப் பிடித்து, வானத்துக்கு ஏறி விழும் ராட்டினம் ஒன்றுக்கு இழுத்தாள். அவளுக்கு ஏதாவது சாட்டுச் சொல்ல நான் வாயைத் திறக்க முதல் வதனி முந்திக்கொண்டாள்.

"அப்பாவைக் கேளாதை பிள்ளை. தான் பயந்தவர் எண்டு அவர் கவுண்மேந்துக்கே எழுதிக் குடுத்துத்தான் என்னைக் கூப்பிட்டவர்."