குடும்பப் பிணைப்புக்கு முழு மதிப்பெண்

முதுமை எல்லோருக்கும் வரும். அதை மதிப்பிடும் அதிகாரம் சிலருக்குத்தான் வரும். அந்தச் சிலர் தைப்பிங் நகருக்கு எழுந்தருளப் போகிறார்கள் என்ற செய்தி, வழக்கமான பிற்பகல் மழைக்குச் சற்று முன்னதாக, வெண்தாமரை முதியோர் இல்லத்தை வந்தடைந்தது.

இல்லத் தலைவி கோ சியூ லான் அம்மையார் அப்போது யாப் பூன் கியாட் என்னும் பெரியவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் வந்த சுற்றறிக்கையைப் படித்தார். நகவெட்டியைக் கீழே வைத்தார்.

பெரியவர் பழைய பஸ் கண்டக்டர். பயணிகளின் முகம் பார்த்தே அவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று சொல்லக்கூடியவர்.

“என்ன ஆ லான், மூஞ்சி தொங்கிப் போச்சு? யாரு போயிட்டாங்க?”

“யாரும் போகல, ஆ பெக். தர மதிப்பீட்டுக்கு வர்றாங்களாம்” என்றார் அம்மையார், அவரைப் பெரியப்பா முறை சொல்லி.

“கஞ்சியப் பாக்கத்தானே? பாக்கட்டும். உப்பு கம்மிதான், ஆனா நான் சொல்ல மாட்டேன்.”

“கஞ்சிய எவன் கேட்டான்? உங்க பிள்ளைங்க எல்லாம் வந்து பாக்குறாங்களான்னு கேக்குறாங்க.”

பெரியவர் தம் பாதி வெட்டிய நகங்களைப் பார்த்தார். “அப்ப தோத்துட்டோம்” என்றார்.

நிலைமை உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. முதியோர் பராமரிப்புத் தர மேம்பாட்டு வாரியம் என்று புதிதாக ஒன்று உருவாகியிருந்தது. கடலோர விடுதி ஒன்றில் பல நாள் கூடி ஆராய்ந்து, பராமரிப்பு என்றால் என்ன என்பதை அது கண்டுபிடித்திருந்தது. உணவு, மருந்து, குளிப்பாட்டுதல், படுக்கைப்புண் வராமல் காத்தல் ஆகிய நான்கும் மதிப்பெண் படிவத்தின் ஒரே கட்டத்துக்குள் அடங்கின. அந்தக் கட்டத்துக்குச் சொற்ப மதிப்பெண். சுவர் வாசகங்களுக்கு அதைவிடக் கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி மதிப்பெண்ணைத் தனக்கென வைத்துக்கொண்டு, ‘குடும்பப் பிணைப்பு’ வீற்றிருந்தது. தேர்ச்சி பெறாத இல்லத்தின் உரிமம் புதுப்பிக்கப்படாது. அங்குள்ள முதியோர் வேறு மாவட்டங்களில் காலியாக உள்ள கட்டில்களுக்கு, ஆளுக்கொரு திசையாக, பிரித்து அனுப்பப்படுவர்.

தோட்டக்காரன் ஒருவன் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஊற்றுவதன் சிறப்பைப் பலகையில் எழுதி வைத்தான் என்றும், பலகைக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசினான் என்றும் ஒரு கதை சொல்லலாம். ஆனால் அது கதையாக இருக்கும். வாரியமோ மெய்யாகவே இருந்தது.

அம்மையார் எல்லாக் குடும்பங்களையும் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மகள் பழக்கூடை அனுப்புவதாக வாக்களித்தாள். ஒரு மருமகன், கூட்டுப் படத்தில் தன் முகத்தை ஒட்டிக்கொள்ள அனுமதி தந்தார். ஜொகூரில் நெகிழித் தொழிற்சாலை ஒன்றை நிர்வகிக்கும் யாப் பெரியவரின் மகன் வெய் ஹோங் மட்டும் விஷயத்தை அறிவுபூர்வமாக அணுகினான்.

“மேட்ரன், அப்பா நல்லா இருக்காருல்ல?”

“நல்லா இருக்காரு.”

“நல்லா இருந்தா நான் எதுக்கு வரணும்?”

“நல்லா இல்லாம போனா?”

“நல்லா இல்லன்னா நான் வந்து என்ன செய்யப் போறேன்? நான் என்ன டாக்டரா?”

இந்த வாதத்தில் ஓட்டை ஏதும் இல்லை என்பதை வாசகப் பெருமக்கள் கவனிக்க வேண்டும். நாடெங்கும் இதே வாதம்தான், சில சொற்கள் மாறி, நடைமுறையில் இருந்துவருகிறது.

அம்மையார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஆ ஃபூங் வீட்டுக்குச் சென்றார்.

ஆ ஃபூங் இழவு வீடுகளில் கூலிக்கு அழும் குழுவின் தலைவி. வெண்தாமரை இல்லத்துக்கு அவர் புதியவரல்லர். இல்லத்தில் யாராவது கண்ணை மூடினால், வர இயலாத பிள்ளைகள் பணம் அனுப்பிவிடுவார்கள். ஆ ஃபூங்கின் ஆட்கள் பிள்ளைகளாக நின்று அழுது தருவார்கள். தாமதமாக வரும் மகள் வாசலிலிருந்து பெட்டிவரை முழங்காலிட்டுத் தவழ்ந்து வரவேண்டும் என்ற மரபைக்கூட அவர்கள் விட்டதில்லை.

“அப்பவும் புள்ளைங்களுக்குப் பதிலா நாங்கதான வர்றோம்?” என்றார் ஆ ஃபூங், காப்பியை ஊதியபடி. “கொஞ்சம் முன்னாடி வரச் சொல்ற. அவ்வளவுதான?”

“அவ்வளவுதான். ஆனா அழக்கூடாது. சிரிக்கணும்.”

ஆ ஃபூங் காப்பியைக் கீழே வைத்தார். “அது கொஞ்சம் கஷ்டம், ஆ லான். எங்காளுங்களுக்கு உசுரோட இருக்கிறவங்ககிட்ட பழக்கமில்ல. சரி, சொல்லிப் பாக்குறேன்.”

சொல்லிப் பார்த்தார். வெள்ளை உடுத்தக்கூடாது, முக்காடு கூடாது, தவழக்கூடாது, பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தார்’ என்று சொல்லக்கூடாது என்று ஒரு வாரம் பயிற்சி நடந்தது. கடைசி விதிதான் அவர்கள் நாவில் ஏறவில்லை.

மதிப்பீட்டு நாளன்று வாரியத்தின் முதுநிலை இணைத் துணை இயக்குநர் எல்லோரும் மரியாதையாகத் ‘துவான்’ என்றழைக்கும் ஜுஹாரி வந்து சேர்ந்தார். தூய்மையான மனிதர், தவறு செய்ய அஞ்சுபவர், அதன் காரணமாக எதையும் உற்று நோக்காதவர். அம்மையார் அவரைச் சமையலறைக்கு அழைத்தார்.

“கஞ்சி சூடா இருக்கு, துவான். ஒரு வாய் பாருங்க.”

“வேணாம்மா. நான் நல்லாருக்குன்னு சொன்னா அத எங்க எழுதுறது? குடும்பத்தப் பாக்கலாம்.”

கூடத்தில் குடும்பம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு பெரியவருக்கும் பக்கத்தில் ஒரு மகனோ மகளோ அமர்ந்து, சொல்லிக் கொடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒரு மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு அதிகாரியிடம் சொன்னான்: “எங்கம்மா மாதிரி யாரு இருந்தாங்க, துவான்? ஊருக்கே சோறு போட்டாங்க.”

“எப்படா போட்டேன்?” என்றார் மூதாட்டி.

“அடக்கமானவங்க” என்று அவன் விளக்கினான்.

யாப் பெரியவரின் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அவருக்கு மகளாக நியமிக்கப்பட்டிருந்த பெண் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. அவள் நனைந்து, மூச்சிரைத்து, வாசலில் வந்து நின்றபோது என்ன கண்டாள்? கூட்டம். கொசுவத்திப் புகை. நடுவே அசையாமல் அமர்ந்திருக்கும் முதியவர். தான் தாமதமாக வந்த மகள். பல ஆண்டுத் தொழில் அவளைக் கேளாமலே அவள் முழங்கால்களை மடக்கியது.

“அப்பா, கடைசியா ஒரு தடவ முகத்தப் பாக்க வர முடியலையே” என்று ஓலமிட்டபடி அவள் வாசற்படியிலிருந்து தவழத் தொடங்கினாள். தலைமைக் குரல் எழும்பியதும் பின்பாட்டு எழவேண்டும் என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. கூடத்தில் இருந்த அத்தனை மகன்களும் மகள்களும், பாதிச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரே மூச்சாக அழத் தொடங்கினார்கள். ஆ ஃபூங் அவர்களைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். வலியில் இன்னும் நன்றாக அழுதார்கள். சியூ லான் அம்மையார் கண்களை இறுக மூடிக்கொண்டார். உரிமம் மூழ்கிவிட்டது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

காலடியில் வந்து விழுந்த பெண்ணின் ஈரத் தலையில் யாப் பெரியவர் கை வைத்தார்.

“எந்திரி, பொண்ணே. நான் இன்னும் கெளம்பல.”

துவான் ஜுஹாரி அருகில் வந்தார். “ஆ பெக், உங்க மகளா?”

பெரியவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்; காலி நாற்காலியைப் பார்த்தார். “இன்னிக்கு வந்தவ இவதான்” என்றார்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். தம் பணிக்காலத்தில் எத்தனையோ இல்லங்களைக் கண்டிருப்பதாகவும், பெற்றவரைப் பார்க்கச் சற்றே தாமதமானதற்கு முழங்காலில் வந்து மன்னிப்புக் கேட்ட மகளை இங்குதான் கண்டதாகவும் கூறினார். குடும்பப் பிணைப்புக்கு முழு மதிப்பெண் வழங்கப்பட்டது. அன்று மாலை எல்லோருக்கும் பொப்பியாச் சுருள்கள் பரிமாறப்பட்டன. யாப் பெரியவர் மட்டும், “என் சாவுக்கு யாரு அழுவாங்களோன்னு இருந்தேன். பாத்துட்டேன், நல்லாவே இருந்துச்சு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மாதம் வாரியத்தின் ஆணை வந்தது. பாராட்டுரை மிக நீளமாக இருந்தது. ஆகவே அம்மையார் அதன் முடிவுக்கு வந்துசேரச் சிறிது நேரம் பிடித்தது. முடிவு இதுதான்: இத்துணை அன்பு நிறைந்த பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோரை ஓர் இல்லத்தில் தங்கவைத்திருப்பது மனிதநேயத்துக்கு முரணானது. இல்லம் தன் நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிவிட்டபடியால் அதன் தேவை அற்றுப்போகிறது. முதியோர் அனைவரும் தத்தம் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்படுவர். நகல்: குடும்பங்களுக்கு.

அந்தச் சனிக்கிழமை வெண்தாமரை இல்லத்தின் முன் கார் நிறுத்த இடமில்லாமல் போயிற்று.

எல்லோரும் வந்தார்கள். மகன்கள் வந்தார்கள், மகள்கள் வந்தார்கள், முகத்தை மட்டும் ஒட்டிக்கொள்ள இசைந்த மருமகன் முழு உடலோடு வந்தார். வெய் ஹோங் ஜொகூரிலிருந்து வந்தான். துவான் ஜுஹாரி விசாரணை நடத்த வரவழைக்கப்பட்டிருந்தார். அவரைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருவரும் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்கப் போராடினார்கள்.

“துவான், எனக்கு அன்பெல்லாம் கெடையாது. மூணு வருஷமா இந்தப் பக்கமே வரல” என்றான் ஒரு மகன்.

“ஆதாரம்?”

“மேட்ரனக் கேளுங்க. எங்கப்பா ரூம் எதுன்னு கேளுங்க, எனக்குத் தெரியாது.”

“மூணு வருஷமெல்லாம் ஒரு பேச்சா?” என்று ஒரு பெண்மணி அவனை விலக்கிக்கொண்டு முன்வந்தாள். “நான் ஆறு வருஷம். எங்கம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியாது. கேட்டுப் பாருங்க.”

அதிகாரி அவள் தாயைக் கேட்டார். மூதாட்டி, மகளின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, “ஆமா துவான், இவ யாருன்னே தெரியல” என்றார். பற்றிய கையை விடவில்லை.

யாப் பெரியவரின் முறை வந்தது. “ஆ பெக், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவர் உங்க மகனா?”

வெய் ஹோங் தரையைப் பார்த்தான். ஆம் என்று சொன்னால் அன்று மாலையே அவனுடைய காரில் ஏறலாம் என்பது பெரியவருக்குத் தெரியும். அது மகனுக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு” என்றார். “நம்ம பஸ்ஸுல எப்பவாவது வந்திருப்பாரு. பாதி வழியில எறங்கியிருப்பாரு.”

வாரியம் தன் ஆணையைத் திரும்பப் பெறுவதில்லை; மேலும் ஓர் ஆணை பிறப்பிப்பதே அதன் மரபு. அதன்படி, குடும்பப் பிணைப்பு இன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாலும், முன்பு அளித்த தேர்ச்சியைத் திரும்பப் பெற வழியில்லாததாலும், வெண்தாமரை இல்லம் மிகக் கீழான தரத்தில் தொடர்ந்து இயங்க அனுமதிக்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. இனியும் தவறான மதிப்பீடு நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் நேரில் வந்து, தாய் அல்லது தந்தையின் முன்னிலையில், தான் வருவதில்லை என்று உறுதிமொழி வாசிக்க வேண்டும். வந்து வாசிக்கத் தவறியவர் அன்புள்ளவராகக் கருதப்படுவார். முதியவர் அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

இந்த ஏற்பாடு பெருவெற்றி பெற்றது. இதுவரை ஒருவரும் தவறியதில்லை. இதைப் படித்து நகைக்கும் பெருமக்கள், நகைத்து முடித்தபின், தம்மைப் பெற்றவரை நேரில் கண்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பார்களாக. எண்ணிக்கை பிடிபடாதவர்கள் தாமதியாமல் உறுதிமொழிக்குப் பெயர் பதிந்துகொள்வது நல்லது.

அந்த உறுதிமொழி நாள் வருமுன்பே இல்லத்தில் முடிதிருத்துபவருக்கு ஓய்விருக்காது. மூதாட்டிகள் உதட்டில் சாயம் பூசிக்கொள்வார்கள். சென்ற ஆண்டு யாப் பெரியவர் புதுச் சட்டை அணிந்து, விடிந்ததும் கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டார். வெய் ஹோங் வந்தான், எதிரே நின்றான், தான் தன் தந்தையைப் பார்க்க வருவதில்லை என்றும், இனி வரும் எண்ணமும் இல்லை என்றும், அதிகாரியின் முன்னிலையில் ஒரே மூச்சில் வாசித்து முடித்து, கார் சாவியைக் கையில் எடுத்தான்.

பெரியவர் காதைத் தடவினார்.

“வேகமாப் படிச்சிட்ட, தம்பி. ஒண்ணும் வெளங்கல” என்றார். “இப்படிப் பக்கத்துல ஒக்காந்து, மொதல்லேர்ந்து, மெதுவாப் படி.”