எம்புட்டு நாளைக்கு இடைக்காலம்?

ஒரு விஷயத்தை ஏழு வருடம் படித்தவனிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. களைத்துப்போயிருப்பான். நான் படித்தது, ஒரு பழைய நூலை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை. பொருள்கோளியல் என்று பெயர். (விளாங்குடியில் வாடகைக்கு வீடு கேட்டபோது இதைச் சொன்னேன். “சரி, வேலை என்ன?” என்றார்கள்.)

ஆய்வேட்டின் தலைப்பு, ‘இடைக்காலக் கிறித்தவ இறையியல்: ஒரு பொருள்கோளியல் வாசிப்பு’. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய துறவிகள் கடவுளின் அருளைப் பற்றி எழுதியதை மதுரை வெயிலில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே கருத்தை அறுபது பக்கத்துக்கு இழுத்திருந்தேன். வாசிப்பவன் தன் ஊர், தன் பயம், தன் முன்முடிவு எல்லாவற்றோடும்தான் வருவான். அவனைத் தள்ளிவிட்டு நூலுக்குத் தனியாகப் பொருள் கிடையாது.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். பொதுவாக யாரும் வருவதில்லை. எனக்குப் பெண் கொடுக்க நிச்சயம் செய்திருந்த சோழவந்தான் மாமா வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நான் தேறியதும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதாகப் பேச்சு.

கடைசியில் தேர்வாளர், “யாருக்காவது கேள்வி உண்டா?” என்றார். மாமா எழுந்தார்.

“மாப்ள, கிறித்தவம்னு போட்டிருக்கீக. அது உங்க இஷ்டம். இடைக்காலம்னும் போட்டிருக்கீக. எம்புட்டு நாளைக்கு? தைக்குள்ள நம்ம பக்கம் திரும்பிருவீகள்ல? பத்திரிகைல குலசாமி பேரு போடணும்.”

இடைக்கால ஜாமீன், இடைக்கால நிவாரணம் என்று பேப்பரில் படித்துப் பழகியவர். மகளை நினைத்துப் பயந்திருக்கிறார், பாவம். எனக்கு மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

“நீங்க புரிஞ்சுக்கிட்டது தப்பு மாமா. எழுதுனவன் நான். நான் நெனைச்சதுதான் அர்த்தம். உக்காருங்க.”

தேர்வாளர் நிதானமாக மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

“தம்பி, இதைப் படிக்காமலே அவர் செஞ்சு காட்டிட்டாரு. நீங்க எழுதியும் உங்களுக்குப் புரியலை.”

திருத்தி எழுத ஆறு மாதம் கொடுத்தார்கள். தைக் கல்யாணம் வைகாசிக்குப் போனது. கேட்டவர்களிடமெல்லாம் மாமா, “மாப்ளைக்கு இடைக்காலத்த நீட்டிச்சிருக்காக” என்று விளக்கம் சொன்னார்.

இப்போது பட்டம் இருக்கிறது. ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று காத்திருக்கிறேன். அப்போதெல்லாம் மாமாவிடமிருந்து போன் வரும். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முன்கூட்டியே சிரிக்கத் தயாராவாள்.

“மாப்ள, இந்த வாட்டி எம்புட்டு நாளைக்கு?”

அவருடைய வாசிப்பில் இன்றுவரை என்னால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.